தேங்காய் துருவும் அப்பா



2024 ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தபோது, கேரள அரசின் புதிய மூன்றாம் வகுப்புப் பாடநூலில் ஒரு படம் வந்திருந்தது. அடுக்களையில் அம்மா சமைக்கிறார். அப்பா தேங்காய் துருவுகிறார். பத்திரிகைகளெல்லாம் இதைச் செய்தியாக வெளியிட்டன. அப்பா தேங்காய் துருவுவதே செய்தி என்றால், நம் பிள்ளைகள் வீட்டில் எதைப் பார்த்து வளர்கிறார்கள் என்று சிந்திக்க வேண்டாமா?

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் இடுக்கியின் மூணாறு, பீருமேட்டுத் தோட்டங்களிலும் நம் பெண்கள் உழைப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு வீதியில் அமர்ந்த தோட்டப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்களே. 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டு, ஒன்பது நாள் போராடி வென்றார்கள். ஆனால், கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பினால், அடுப்பும் பாத்திரமும் இன்றும் பெரும்பாலும் பெண்ணுக்குத்தான்.

குழந்தை ஏறக்குறைய மூன்று வயதில் தான் ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரிந்துகொள்கிறது. அப்போதே, தன்னைப் போன்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் கவனிக்கத் தொடங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளிடம், "வீட்டில் என்ன வேலை செய்வீர்கள்?" என்று நான் கேட்பதுண்டு. பெண் பிள்ளைகள் தண்ணீர் பிடிப்பது, கூட்டுவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது என்று அடுக்குவார்கள். பையன்கள், "கடைக்குப் போவேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நாம் செய்யக்கூடியவை:

1. வேலையை வயது பார்த்துக் கொடுங்கள். நான்கு வயதில் துணி மடிக்கலாம். ஆறு வயதில் தன் தட்டைக் கழுவலாம். எட்டு வயதில் வீடு கூட்டலாம். இதில் ஆண், பெண் பேதம் வேண்டாம்.

2. பேச்சைக் கவனியுங்கள். மகன் பாத்திரம் கழுவினால், "அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறான்" என்று பாராட்டுகிறோம். மகள் கழுவினால் ஒன்றும் சொல்வதில்லை. 'ஒத்தாசை' என்றாலே அது அம்மாவின் வேலை என்றாகிவிடுகிறது. "நம் வீட்டு வேலை" என்று சொல்லிப் பழகுவோம்.

3. சொப்புச் சாமானும் பந்தும் இருவருக்கும் பொது. விழுந்து அடிபட்ட பையனிடம், "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று கேட்காதீர்கள்.

4. தந்தையர் முன்வர வேண்டும். பிள்ளைகள் நம் புத்திமதியைவிட நம் நடத்தையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

நாளை படிப்புக்காகவோ வேலைக்காகவோ நம் பிள்ளைகள் கோவைக்கும் கொச்சிக்கும் அதற்கப்பாலும் தனியே போகப்போகிறவர்கள். மகனுக்குச் சோறு வடிக்கத் தெரிந்திருக்கட்டும். மகளுக்குப் படிக்க மாலையில் ஒரு மணி நேரம் மிச்சமாகட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமையே தேங்காய் துருவியை அப்பாக்கள் கையில் எடுங்கள்.