மாடுகளின் தோல் கழலை நோயும் அதன் தடம் அறிதலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தோட்டமும் மாடும் ஒன்றையொன்று பிரியாதவை. செம்மண் தோட்டத்தில் வெண்காயமும் மிளகாயும் கத்தரியும் செய்கின்ற கமக்காரருக்குப் பாலும் எருவும் தருவது கொட்டிலிற் கட்டிய பசு. மாரி விதைப்புக்கு முன்னர் வயலுக்குப் பசளையிடுவது இரவிற் பட்டியடைத்த மாடு. ஆதலின் மாட்டுக்கு வரும் நோய் மாட்டோடு நின்றுவிடுவதில்லை. பால் வற்றினால் அன்றாடச் செலவுக்கு முட்டுண்டாகும்; எரு குறைந்தால் அடுத்த போகத்து விளைச்சல் குறையும்.

மாடுகளைப் பற்றும் வைரசு நோய்களுள் நமது பகுதிக்குப் புதிதாக வந்தது தோல் கழலை நோயாகும். இதனை இலம்பி தோல் நோய் என்றும் கூறுவர். பொதுமக்கள் பெரியம்மை என்கின்றனர். இந்நோய் முதன்முதலில் 1929ஆம் ஆண்டில் ஆபிரிக்காவில், இன்று சாம்பியா எனப்படும் நாட்டில் விவரிக்கப்பட்டது. நெடுங்காலம் அக்கண்டத்துள்ளேயே இருந்து, பின்னர் மத்திய கிழக்குக்கும், 2015ஆம் ஆண்டளவில் கிரேக்கம் முதலிய நாடுகளுக்கும் பரவியது. 2019ஆம் ஆண்டில் வங்காளதேசத்திலும் சீனாவிலும் இந்தியாவின் ஒடிசா மாநிலத்திலும் காணப்பட்டது. மறு ஆண்டின் பிற்பகுதியில், அதாவது 2020இல், யாழ்ப்பாணத்திலும் வட மாகாணத்தின் பிற பகுதிகளிலும் தோன்றியது. இலங்கைத் தீவில் இந்நோய் அறியப்பட்டது அதுவே முதல் தடவை. 2022ஆம் ஆண்டில் இந்தியாவின் இராசத்தான், குசராத்து முதலிய மாநிலங்களில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் இந்நோயால் மாண்டன. 2023ஆம் ஆண்டில் நமது நாட்டின் வடமேல் மாகாணத்திலும் இது பரவியபோது மாடுகளைக் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது.

நோயின் குறிகள்

முதலிற் காய்ச்சல் தோன்றும். உடற்சூடு 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். மாடு தீன் எடாது. பால் சடுதியாகக் குறையும். சில நாட்களின் பின்னர் தோலின்மேல் உருண்டையான, கெட்டியான கழலைகள் தோன்றும். அவை 1 சதமமீற்றர் முதல் 5 சதமமீற்றர் வரை பருமனுடையன. கழுத்து, முதுகு, மடி, கால் எங்கும் இவை எழலாம். தோட்பட்டைக்கு முன்னாலுள்ள நெறி தடித்து, கையால் தடவும்போது தெளிவாகத் தெரியும். சில மாடுகளுக்குக் கால்களும் நெஞ்சடியும் வீங்கும். கழலைகள் முற்றி, நடுப்பகுதி காய்ந்து விழுந்து, ஆழமான புண்ணாகும். இப்புண்ணில் இலையான் முட்டையிட்டால் புழுப் பிடிக்கும்.

பொதுவாக நோயுற்ற நூறு மாடுகளுள் ஒன்று முதல் ஐந்து வரையே இறக்கும். கன்றுகளும் கலப்பினப் பசுக்களுமே கடுமையாகத் தாக்கப்படுவன. இறப்புச் சிறிது என்று எண்ணி அசட்டையாக இருத்தல் கூடாது. பிழைத்த பசுவும் பல மாதங்களுக்குப் பழைய அளவு பால் தராது, சினைப்பட்டது கருச்சிதையும், நாம்பன் சில காலம் பயன்படாது போகும்.

கால்வாய் நோயோடு இதனை மயக்குவோர் உளர். கால்வாய் நோயிற் புண் வாயிலும் நாக்கிலும் குளம்பிடுக்கிலும் இருக்கும், எச்சில் நூலாக ஒழுகும், மாடு நொண்டும். தோல் கழலை நோயிலோ உடல் முழுவதும் கழலை எழும். உண்ணி கடித்த தடிப்பும் இலையான் கடித்த தடிப்பும் கூடச் சிலவேளை கழலைபோல் தோன்றும். ஐயந்தீர்ப்பது ஆய்வுகூடமே. கால்நடை வைத்தியர் எடுக்கும் பொருக்கும் இரத்தமும் சோதிக்கப்பட்ட பின்னரே நோய் இன்னதென்று உறுதியாகக் கூற இயலும். கமக்காரர் தாமே பொருக்கைப் பிய்த்துக் கொண்டுவருதல் வேண்டாம்.

நோய் எவ்வாறு வழிநடக்கின்றது?

இந்நோய் பெரும்பாலும் இரத்தங் குடிக்கும் பூச்சிகளாலேயே மாட்டுக்கு மாடு செல்கின்றது. மாட்டைக் கடிக்கும் இலையான், நுளம்பு, உண்ணி என்பன நோயுற்ற மாட்டைக் கடித்த வாயோடு அடுத்த மாட்டையும் கடிக்கின்றன. இப்பூச்சிகள் தொலைதூரம் பறந்து செல்வன அல்ல. 2015, 2016ஆம் ஆண்டுகளில் பால்கன் நாடுகளிற் பரவல் அளக்கப்பட்டபோது, நோய் பெரும்பாலும் கிழமைக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் வீதமே நகர்ந்தமை காணப்பட்டது. இவ்வேகத்தில் ஆனையிறவிலிருந்து பருத்தித்துறையை அடைய நோய்க்குப் பல கிழமைகள் வேண்டும். ஆனால் நோய் அரும்பிய ஒரு மாட்டை இலொறியில் ஏற்றினால் அத்தூரத்தை ஒரு மணித்தியாலத்திற் கடந்துவிடும். அயலூரில் நோயில்லாதிருக்க, பத்து மைலுக்கு அப்பால் திடீரெனத் தோன்றுமாயின், அங்கே பூச்சியைத் தேடுவதிற் பயனில்லை. யார் மாடு வாங்கினார் என்று கேட்டல் வேண்டும்.

இவ்விடயத்திற் குடாநாடு ஒரு வாய்ப்பைப் பெற்றுள்ளது. மூன்று பக்கமும் கடல். வன்னியிலிருந்து மாடு தரைவழியாக உள்ளே வருவதற்கு ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாலம், சுண்டிக்குளப் பக்கம் என்று வழிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. தீவுப் பகுதிகளுக்குச் செல்லும் வழிகள் இன்னுஞ் சில. கதவுகள் சிலவாயிருக்கும் வீட்டைக் காவல் செய்வது எளிது. எனினும் கதவைக் கடந்து நோய் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், நெருக்கமாகக் கொட்டில்கள் அமைந்த நமது ஊர்களில் அது ஓடித் திரிவதும் எளிதே.

இருபத்தெட்டு நாட் கணக்கு

நோய்க் கிருமி உட்புகுந்த நாளுக்கும் குறி தோன்றும் நாளுக்கும் இடையிலுள்ள காலத்தை மறைகாலம் எனலாம். தோல் கழலை நோய்க்கு இம்மறைகாலம் 28 நாட்கள் வரை நீளலாம் என்று சர்வதேச நியமங்கள் கொள்கின்றன. நோயின் தடத்தைத் தேடுபவர் இவ்வெண்ணையே அளவுகோலாகக் கையிற் கொள்கின்றார்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கமக்காரரின் பசுவுக்கு ஒக்ரோபர் 20ஆந் திகதி காய்ச்சல் தொடங்கியது. பின்னோக்கி 28 நாட்களை எண்ணினால் செப்ரெம்பர் 22 வரும். இவ்விரு திகதிகளுக்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்கின்றோம். செப்ரெம்பர் 25இல் தரகர் ஒருவரிடம் ஒரு நாகு வாங்கினார். ஒக்ரோபர் 3இல் பக்கத்து வயலில் வெளியூர்ப் பட்டியொன்று அடைக்கப்பட்டது. ஒக்ரோபர் 12இல் பசு குளத்தடியில் வேறு மாடுகளோடு மேய்ந்தது. மூன்றும் கணக்கினுள் அடங்குவன. ஒன்றையும் தள்ளிவிட முடியாது. நாகின் தோலில் ஆறிய வடு உண்டா? பட்டி மாடுகளுள் எவையேனும் காய்ச்சலாற் கிடந்தனவா? குளத்தடியில் மேய்ந்த பிற மாடுகள் நலமா? இவ்வாறு ஒவ்வொன்றாக விசாரித்தே நோய் வந்த வழி காணப்படுகின்றது. இது பின்தடம்.

முன்தடம் இதனினும் அவசரமானது. அதே கமக்காரர் ஒக்ரோபர் 14இல் ஒரு கன்றை வேறூருக்கு விற்றிருந்தார் என்று கொள்வோம். அன்று கன்று பார்வைக்கு நலமாகவே இருந்தது. ஆயினும் அது நோயைச் சுமந்து சென்றிருக்கக் கூடும். உத்தியோகத்தர் முதலில் ஓடவேண்டிய இடம் அக்கன்று போன ஊரே. விற்றவர் கூச்சத்தாலோ அச்சத்தாலோ அதனைச் சொல்லாது விட்டால், வேறோர் ஊரில் மாதமொன்று கழித்து நோய் தோன்றும். அப்பொழுது அதன் அடியைக் கண்டுபிடிப்பார் இல்லை.

குறிப்பெடுத்து வைப்பவர் அரியர் என்பது நாம் அறிந்ததே. ஆயினும் பாற் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கொடுப்போரிடம் பாற்புத்தகம் உண்டு. நாள்தோறும் 6 இலீற்றர் கொடுத்த பசு ஒருநாள் 4 இலீற்றரும் மறுநாள் 2 இலீற்றரும் கொடுத்திருப்பின், காய்ச்சல் தொடங்கிய நாள் அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றது. கழலையைக் கண்ட நாளைவிட இந்நாளே கணக்குக்குச் சரியானது. ஆகவே உத்தியோகத்தர் வரும்போது பாற்புத்தகத்தையும், மாடு வாங்கிய விற்ற சீட்டுகளையும், காதிலிட்ட அடையாள எண்களையும் காட்டுதல் வேண்டும். இவையொன்றும் இல்லாதோர் வீட்டு நாட்காட்டியில் மாடு வந்த நாளையும் போன நாளையும் குறித்துவைத்தாலே போதும்.

நோயுற்ற மாடுகளை மட்டுமன்றி ஊரிலுள்ள எல்லா மாடுகளையும் உத்தியோகத்தர் எண்ணுவதைக் கண்டு சிலர் எரிச்சலடைவர். அதற்குக் காரணம் உண்டு. ஒரு குறிச்சியில் 60 மாடுகளில் 9க்கு நோய். மற்றொன்றில் 10 மாடுகளில் 5க்கு நோய். நோயுற்றவற்றை மட்டும் எண்ணினால் முதற் குறிச்சியே மோசமெனத் தோன்றும். மொத்தத்தையும் எண்ணினால் முதலாவதில் நூற்றுக்கு 15, இரண்டாவதில் நூற்றுக்கு 50. முதலில் எங்கே செல்லவேண்டும் என்பதை இவ்விகிதமே காட்டுகின்றது.

முன்னர் கண்டவை

வெக்கை நோயை முதியோர் அறிவர். அது மாடுகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்ற வைரசு நோய். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இலங்கையில் இல்லாதிருந்த அந்நோய், 1987ஆம் ஆண்டில் இந்தியப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் வாயிலாக மீண்டும் உட்புகுந்து, வடக்கு கிழக்கில் மாடுகளையும் எருமைகளையும் தாக்கியது. போர்க்காலத்தில் தடந்தேடுவதும் ஊசி போடுவதும் எத்துணைக் கடினமாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டுடன் அது இந்நாட்டினின்றும் நீங்கியது. உலகிற் கடைசியாகக் கென்யாவில் 2001ஆம் ஆண்டிற் காணப்பட்டு, 2011ஆம் ஆண்டில் முற்றாக ஒழிந்ததெனப் பிரகடனம் செய்யப்பட்டது. ஊசி மருந்து மட்டும் அதனை ஒழித்ததன்று. நோய் ஒளிந்திருந்த கடைசி மந்தைகளை ஊர் ஊராகத் தேடிச் சென்றதும் சேர்ந்தே ஒழித்தது.

எல்லாச் சாவும் தொற்றால் வருவதன்று என்பதற்கும் அண்மையில் ஒரு சான்று உண்டு. 2022ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், மாண்டோசு சூறாவளிக் காலத்துக் குளிர்காற்றில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களில் மடிந்தன. கொள்ளை நோயோ என்று எங்கும் அச்சம் பரவியது. இறைச்சியை அப்பகுதிகளிலிருந்து வெளியே கொண்டுசெல்வதும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. மாதிரிகளைச் சோதித்தபின், குளிர்தான் காரணமெனத் தெரிந்தது. மாதிரி எடுக்குமுன்னர் இறந்த மாடுகளெல்லாம் புதைக்கப்பட்டிருந்தால் இவ்வுண்மை தெரியாமலே போயிருக்கும்.

கொட்டிலிற் செய்யவேண்டியவை

ஐயமான மாட்டை உடனே பிரித்து, மற்றவற்றினின்றும் தூரத்திற் கட்டுக. அதற்கெனத் தனி வாளியும் கயிறும் இருத்தல் வேண்டும். நலமான மாடுகளை முதலிற் பார்த்துவிட்டு நோயுற்றதை இறுதியிற் பார்க்க. நோயுற்ற மாட்டைப் பார்க்க ஊரார் கூடுவது நமது வழக்கம். அன்பினால் வருவதுதான், எனினும் இக்காலத்தில் படலைக்கு வெளியே நின்று விசாரிப்பது நன்று. உதிர்ந்து காய்ந்த பொருக்கில் இவ்வைரசு ஒரு மாதத்துக்கு மேலும் உயிர்த்திருக்கக் கூடும். ஆதலின் பொருக்கையும் கூளத்தையும் திரட்டி எரித்துவிடுக.

தோட்டக்காரர் கவனிக்கற்பாலது எருக்கும்பம். மாட்டைக் கடிக்கும் இலையான், சலமும் சாணமும் கலந்து அழுகிய வைக்கோலில் முட்டையிடுகின்றது. முட்டை இலையானாவதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமைகளாயினும் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை கொட்டிலை ஒதுக்கி, எருவைக் குவித்து, பொலித்தீன் விரிப்பால் இறுக மூடினால், உள்ளே எழும் வெப்பத்தாற் புழுக்கள் மடியும். எருவும் நன்கு உக்கும். மாலையில் வேப்பங்குழைப் புகையிடுதல் நுளம்பை ஓரளவு விலக்கும். ஆனால் மிளகாய்க்கும் கத்தரிக்கும் தெளிக்கும் நஞ்சை மாட்டின்மேல் தெளிப்பது பேராபத்து. மாடு அதனை நக்கி இறக்கும். கழலைப் புண்ணுக்குக் கழிவு எண்ணெய் பூசுவதும் தீது. வைரசைக் கொல்லும் மருந்து இந்நோய்க்கு இல்லை. வைத்தியர் கொடுப்பது காய்ச்சலையும் புண்ணிற் சேரும் வேறு கிருமிகளையும் அடக்கவே. அம்மருந்து பெற்ற பசுவின் பாலை அவர் குறித்த நாள்வரை விற்றல் ஆகாது.

இந்நோய் மனிதரைத் தொற்றாது. பாலைக் காய்ச்சிக் குடித்தல் எக்காலத்துக்கும் உரியது. இதனை அறியாது சிலர் பால் வாங்குவதை நிறுத்துவதும், அதற்கஞ்சி மாட்டுக்காரர் நோயை மறைப்பதும் உண்டு. மறைப்பவரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று என்பதே எமது கருத்து. அயலாரும் வாங்குவோரும் உண்மையை அறிந்திருந்தால் மறைக்கவேண்டிய தேவை எழாது.

தடுப்பூசி, நோய் ஊருக்குள் வந்தபின்னர் போடுவதினும் வருமுன் போடுவதே பயன் தரும். ஊசி போட்டபின் முழுக் காப்பு உண்டாக ஏறத்தாழ மூன்று கிழமைகள் செல்லும். அதற்கிடையில் நோய் தோன்றினால் ஊசியே நோயைக் கொடுத்தது என்று எண்ணுதல் தவறு.

1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி, தொற்று நோயை அறிவித்தல் மாட்டுக்குரியவரின் கடமையாகும். ஐயமெழுந்த அன்றே உங்கள் பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்குக. அறிவிக்கும்போது மாட்டின் வயது, காய்ச்சல் தொடங்கிய நாள், கொட்டிலிலுள்ள மொத்த மாடுகளின் தொகை, கடந்த 28 நாட்களில் வந்த மாடும் போன மாடும் ஆகியவற்றைச் சொல்லுக. உத்தியோகத்தர் வரும்வரை மாட்டை விற்கவோ, வேறிடத்துக்குச் சாய்க்கவோ, பட்டியிற் சேர்க்கவோ வேண்டாம். அதற்குள் மாடு இறக்க நேரிட்டால், வைத்தியர் பார்த்தபின் கிணற்றுக்குத் தூரமான மேட்டு நிலத்தில் ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பிட்டுப் புதைக்க. தோலை உரித்தல் கூடாது.