வண்டியும் வழியும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றையும் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பர். இவற்றோடு வழியையும் சேர்த்தெண்ணல் தகும் என்பது நம் கருத்து. ஆறு என்னும் சொற்கு வழி என்பதும் ஒரு பொருள். வறுமையால் நடந்து செல்வார்க்கு வழி காட்டுதற்கென்றே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையினை நம் முன்னோர் படைத்தனர். ஆதலின் இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க நகரங்களில் முன்னாளில் மின்சார டிராம் வண்டிகள் மிக்கிருந்தன. 1908-இல் ஹென்றி போர்டு என்பார் 'மாடல் டி' மோட்டாரை வெளியிட்ட பின்னர், மோட்டார்கள் பெருகின. வீடுகள் ஒருபுறமும் கடைகளும் தொழிற்சாலைகளும் மற்றொருபுறமுமாக நகரங்களைப் பிரிக்கும் விதிகள் தோன்றின. 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டமும் நிறைவேறிற்று. விளைவு யாது? நியூயார்க் போன்ற சில நகரங்களிலன்றிப் பிற பலவற்றில், மருந்து வாங்கவும் மோட்டார் வேண்டுவதாயிற்று. அஃதில்லாத முதியோரும் வறியோரும் தம் ஊரிலேயே அயலாராயினர்.

இனி, திருத்தணிக்கு அணித்தாயுள்ள பொதட்டூர்பேட்டையை நோக்குவாம். இது நெசவாளர் ஊர். தறியும் வீடும் ஒரு கூரையின்கீழ் அமைவது அவர்தம் வழக்கம். கடைத்தெருவும் நடந்து செல்லுந் தொலைவினதே. ஆகவே ஊருக்குள் மோட்டார் இன்மை ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. அமெரிக்கர் விதியாற் பிரித்தவற்றை இங்குத் தொழிலே ஒன்றாய்ப் பிணைத்து வைத்துளது.

எனினும், நம் ஊரைப் புகழ்ந்து அமைதல் நேர்மையன்று. புகைவண்டி ஏறவேண்டின் வேற்றூர்க்குச் செல்லல் வேண்டும். கல்லூரிக்கும் பெரிய மருத்துவமனைக்கும் வெளியூரே கதி. அதற்குப் பலர்க்கும் துணை பஸ் ஒன்றே. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல அரசு வகை செய்தது நற்செயலே. ஆயினும், வாராத பஸ்ஸிற்குக் கட்டணம் இல்லையெனின் பயன் என்னை? கடைசி பஸ் போனபின் நோயுற்றவரை வைத்துக்கொண்டு வாயிலில் நிற்பவரே வண்டியின்மையின் துயரை மெய்யாக அறிவர்.

ஆதலின், வண்டி இன்மை வறுமையன்று. வழி இன்மையே வறுமை என்க. நல்ல சமாரியன் தன் வாகனத்தில் ஏறிச் சென்றமையால் புகழ்பெற்றானல்லன். அடிபட்டுக் கிடந்தவனை அதில் ஏற்றிச் சென்றமையாலேயே புகழ்பெற்றான். ஓர் ஊரின் செல்வத்தை அதன் வாயில்களில் நிற்கும் மோட்டார்களைக் கொண்டு அளவாமல், மோட்டார் இல்லாதான் இருட்டியபின் எவ்வளவு அச்சமின்றி வீடு சேர்கிறான் என்பதைக் கொண்டு அளப்போமாக.