கன்டெய்னரில் இடைவெளி இருக்கா? முட்டுக் கொடுத்து அனுப்புங்க!

கோவையில் சிறு தொழில் செய்கிற உங்களுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு டேபிள் டாப் கிரைண்டர் அனுப்ப முதல் ஆர்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னரில் சரக்கை ஏற்றியாச்சு. பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. 'பரவாயில்லை' என்று கதவைச் சாத்திவிட்டால், நஷ்டம் அங்கேதான் ஆரம்பம்.

லாரி பிரேக் போடும்போதும், நடுக்கடலில் கப்பல் சாயும்போதும் சரக்கு அந்த ஒரு சாண் தூரம் நகர்ந்து மோதும். இந்த இடைவெளியை அடைக்கவும், சரக்குக்கு முட்டுக் கொடுக்கவும் வைக்கிற பொருளைத்தான் 'டன்னேஜ்' என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

1. சரக்கு எவ்வளவு கனம்?

இயந்திரம், கருங்கல் போன்ற கனமான சரக்குக்கு மரக்கட்டைதான் சரி. கனம் தரை முழுவதும் பரவும், சரக்கும் அசையாது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே என்றால் காற்றுப்பை போதும். ஆனால் கூரான முனை, ஆணி பட்டால் பை வெடித்துவிடும். கதவை ஒட்டி மட்டும் காற்றுப்பை வைக்கவே கூடாது. திறக்கும்போது கதவு சட்டென்று வெளியே தள்ளி, ஆளை அடித்துவிடும்.

2. ஈரம் வருமா?

பகலில் சூடாகி இரவில் குளிரும் கன்டெய்னரில், கூரையின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டும். நனைந்த அட்டைப்பெட்டி பலமிழந்து நசுங்கும். ஆகவே ஈர மரக்கட்டை வேண்டாம், காய்ந்ததையே வாங்குங்கள். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளையும் உள்ளே தொங்கவிடலாம்.

3. போகிற நாடு ஏற்குமா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். மரத்தோடு பூச்சியும் போய்விடக் கூடாது என்பதற்காக 'ஐ.எஸ்.பி.எம். 15' என்ற சர்வதேச விதி இருக்கிறது. இதன்படி வெப்ப முறையில், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு தொடர்ந்து 30 நிமிடம் ஏற வேண்டும். பிறகு கோதுமைக் கதிர் சின்னம், நாட்டுக் குறியீடு, நிறுவனத்தின் எண், சிகிச்சை முறை எல்லாம் அடங்கிய முத்திரை குத்தப்படும்.

பெரிய கட்டையில் முத்திரை இருக்கே என்று அதை அறுத்து, முத்திரை இல்லாத துண்டைச் செருகாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் முழு முத்திரை தெரிய வேண்டும். கையால் வரைந்தாலும் செல்லாது. இல்லாவிட்டால் அந்த நாட்டு அதிகாரிகள் சரக்கை நிறுத்தி, மரத்துக்குச் சிகிச்சை செய்யச் சொல்லலாம், அழிக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். செலவு உங்கள் பக்கம்தான் வந்து நிற்கும்.

பிளைவுட்டுக்கும், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய மரத்துக்கும் இந்த விதி பொருந்தாது. வைக்கோல் மலிவாயிற்றே என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியா அதை ஏற்பதில்லை.

மரத்துக்கு முத்திரை குத்த அங்கீகாரம் தருவது மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு, தொற்றுத்தடுப்பு மற்றும் சேமிப்பு இயக்ககம். விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு, அந்த இயக்ககத்தின் இணையதளப் பட்டியலில் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கையில் போன் இருக்கே!

கதவைச் சாத்தும் முன் காலித் தரை, மர முத்திரை, முட்டுக் கொடுத்த இடம், ஏற்றி முடித்த நிலை எல்லாவற்றையும் படம் எடுங்கள். சாத்திய பிறகு சீல் எண்ணையும் எடுங்கள். பேக்கிங் போதாமல் வந்த சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை சரக்குக் காப்பீட்டில் வழக்கமாக இருக்கும். நீங்கள் ஒழுங்காகத்தான் ஏற்றினீர்கள் என்று நாளைக்குச் சொல்ல, அந்தப் படங்கள்தான் சாட்சி.