பந்து வாங்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால்

டென்னிஸ் கோச்சாக ஒரு கிளப்பிலோ பள்ளியிலோ சேர்ந்த கொஞ்ச நாளிலேயே செயலாளர் கூப்பிட்டுச் சொல்வார்: "தம்பி, இந்த மாசத்துப் பந்தை நீங்களே பார்த்து வாங்கிடுங்க." சின்ன வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் வருடச் செலவில் பந்துக்குப் போகும் தொகை கணிசமானது. உறுப்பினர்களின் குறையில் பாதியும் பந்தைச் சுற்றியே வரும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் இளம் கோச் மீது நிர்வாகத்துக்குச் சீக்கிரம் நம்பிக்கை பிறக்கும்.

பெரும்பாலோர் விலையைப் பார்ப்பார்கள், அடுத்து பிராண்டைப் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கோர்ட்டின் தரையை.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி வழக்கமான மஞ்சள் பந்தின் எடை 56.0 முதல் 59.4 கிராம், விட்டம் 6.54 முதல் 6.86 சென்டிமீட்டர். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். அங்கீகாரம் பெற்ற வழக்கமான பந்துகள் எல்லாமே இந்த எல்லைக்குள் வந்துவிடும். அதனால் கடையில் நின்று உருட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் மேலே ஒட்டியிருக்கும் ஃபெல்ட்டில் இருக்கிறது. டப்பாவில் 'எக்ஸ்ட்ரா டியூட்டி', 'ரெகுலர் டியூட்டி' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பது அதைத்தான். அந்த வரியைத் தேடிப் படிப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் கோர்ட்டுக்கு எக்ஸ்ட்ரா டியூட்டி. தடித்த, முரட்டுத்தனமான ஃபெல்ட். உரசலைத் தாங்குவதற்காகவே செய்தது. நம் ஊர்ப் பள்ளிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இருப்பவை பெரும்பாலும் சிமென்ட் அல்லது தார்த் தளத்தின் மேல் அக்ரிலிக் பூசியவை. சில இடங்களில் அந்தப் பூச்சும் உரிந்து வெறும் சிமென்ட் தெரியும். வெறும் சிமென்ட் உப்புத்தாள் மாதிரி; ஃபெல்ட்டைத் தின்றுவிடும். ஒரு மணி நேரப் பயிற்சி முடிந்ததும் ஒரு பந்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிராண்ட் பெயர் மங்கியிருக்கும், பஞ்சு போய் அங்கங்கே வழுவழுப்பாக இருக்கும். ஃபெல்ட் தேயத் தேயக் காற்றின் பிடி குறைகிறது. அதே அடிக்குப் பந்து கூடுதல் தூரம் போகிறது. பையன் அடிப்பதெல்லாம் கோட்டைத் தாண்டி விழும். உடனே நீங்கள் அவன் ஸ்விங்கைத் திருத்தப் போவீர்கள். தப்பு ஸ்விங்கில் இல்லை, மொட்டைப் பந்தில் இருக்கிறது. மாணவனின் ஆட்டம் திடீரென்று கெட்டால் முதலில் பந்தைப் பாருங்கள்.

கிளே கோர்ட்டுக்கு ரெகுலர் டியூட்டி. இதன் ஃபெல்ட் மெலிதாக, நெருக்கமாகப் படிந்திருக்கும். மண் உள்ளே புகாது. காலையில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டிய மண் தளத்தில் எக்ஸ்ட்ரா டியூட்டி பந்தைப் போட்டால் சில கேமிலேயே பஞ்சு எழும்பி, மண்ணையும் ஈரத்தையும் பிடித்துக்கொண்டு, பந்து பருத்துக் கனத்துவிடும். அந்தக் கனத்தை அடித்து அடித்துத்தான் வாரக் கடைசியில் ஆடும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு முழங்கை வலிக்கத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சென்னைக் காற்றின் ஈரம் வேறு சேர்ந்துகொள்ளும். நேர்மாறாக, ரெகுலர் டியூட்டி பந்தை சிமென்ட்டில் போட்டால் வேகமாகத் தேய்ந்துவிடும். டப்பா விலையில் மிச்சம் பிடித்த காசு ஒரே வாரத்தில் போய்விடும்.

ஃபெல்ட்டில் இவ்வளவு இருக்கிறதா என்று கமிட்டியில் யாராவது கேட்டால் அமெரிக்க ஓப்பன் கதையைச் சொல்லுங்கள். அங்கே பல வருடம் ஒரே ஹார்ட் கோர்ட்டில் ஆண்களுக்கு எக்ஸ்ட்ரா டியூட்டியும் பெண்களுக்கு ரெகுலர் டியூட்டியும் கொடுத்தார்கள். அந்தப் பந்து கட்டுப்பாட்டில் நிற்கவில்லை என்று 2022-இல் இகா ஷ்வியான்டெக் வெளிப்படையாகவே சொன்னார். அந்த வருடப் பட்டத்தையும் அவரே வென்றார். 2023-இல் பெண்களுக்கும் எக்ஸ்ட்ரா டியூட்டி வந்தது. பாரிஸில் 2020-இல் பிரெஞ்ச் ஓப்பன் கொரோனாவால் செப்டம்பர், அக்டோபர் குளிருக்குத் தள்ளிப்போனது. பந்தும் பாபோலாவிலிருந்து வில்சனுக்கு மாறியது. பந்து மிகவும் கனமாக இருக்கிறது என்று நடால் கடுமையாகவே பேசினார். உச்சத்தில் இருப்பவர்களுக்கே இந்த வேறுபாடு கையில் உறைக்கிறது என்றால், பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

புல் தரையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நம் பக்கம் அது அரிது. விம்பிள்டனுக்கு 1902 முதல் ஸ்லாஸெஞ்சர் பந்துதான். ஈரம் ஏறாதபடி பதப்படுத்திய ஃபெல்ட் அதற்கு. புல் கோர்ட் உள்ள கிளப்பில் வேலை கிடைத்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்கள் இருப்பு வைக்கவே தேவையில்லை.

விதிப் புத்தகத்தில் டைப் 1, டைப் 3 என்றும் பார்ப்பீர்கள். முதலாவது மெதுவான தளத்துக்கான வேகப் பந்து. மற்றது வேகத் தளத்துக்காக 7.00 முதல் 7.30 சென்டிமீட்டர் வரை பெரிதாகச் செய்தது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் டைப் 2. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பள்ளி வேலைக்குப் போகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்று விதியிலேயே தனிப் பந்து உண்டு. இரண்டு ஊர்களும் 2,000 மீட்டருக்கு மேலே. வெளிக்காற்று மெலிந்திருப்பதால் பந்துக்குள் அடைத்த அழுத்தம் மிஞ்சி நிற்கும். சாதாரணப் பந்து தலைக்கு மேல் எகிறும், காற்றில் தடையின்றிப் பறக்கும். 'ஹை ஆல்டிட்யூட்' என்று டப்பாவில் போட்டிருக்கும் பந்து, அதே 254 சென்டிமீட்டர் சோதனையில் 122 முதல் 135 சென்டிமீட்டர்தான் எழும்பும். சமவெளியில் இருக்கும் கடைக்காரர் இதை எடுத்து வைத்திருக்க மாட்டார். முன்கூட்டியே சொல்லி வரவழையுங்கள். கிடைக்காத பட்சத்தில் உள்ளழுத்தம் இல்லாத பிரஷர்லெஸ் பந்து கைகொடுக்கும். போட்டிக்கு அதைப் பயன்படுத்துவதென்றால் 60 நாளாவது அந்த உயரத்திலேயே வைத்துப் பழக்கியிருக்க வேண்டும் என்பது விதி.

சமவெளியிலும் பிரஷர்லெஸ் பந்துக்கு ஒரு இடம் உண்டு. பந்து மெஷினுக்கும் ஃபீடிங் பாஸ்கெட்டுக்கும் அது லாபம். துள்ளல் சீக்கிரம் சாகாது. ஆனால் கைக்குக் கெட்டியாக இருக்கும். முழங்கை, மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு அதைப் போடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50 சதவீதம், பச்சை 25 சதவீதம். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்பது 2012 முதல் சர்வதேச விதி. இருந்தும் பெற்றோர் வந்து நிற்பார்கள்: "சார், எங்க பையன் நல்லாவே ஆடுறான், மஞ்சப் பந்தே குடுங்க." கோபப்படாமல் கோர்ட்டுக்கு அழைத்துப் போய், மஞ்சள் பந்தை ஒரு முறை துள்ளவிட்டுக் காட்டுங்கள். ஏழு வயதுப் பையனுக்கு அது தோளுக்கு மேல் வருகிறது. அதை எட்டிப் பிடிக்க அவன் கிரிப்பைக் கோணலாக மாற்றிக்கொள்கிறான். அந்தக் கோணலைப் பதினைந்து வயதில் நேராக்குவது பெரும்பாடு. தரை எதுவாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு முதலில் வயதைப் பார்த்தே பந்து.

வாங்கிய பிறகுதான் வேலையே இருக்கிறது. டப்பாவைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வர வேண்டும். சத்தமே வராவிட்டால் உள்ளே அழுத்தம் இல்லை, திருப்பிக் கொடுங்கள். திறந்த நாளிலிருந்தே துள்ளல் இறங்கத் தொடங்கும். ஆகவே தேவைக்கு மட்டும் திறங்கள், திறந்த தேதியைப் பந்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு புதுப் பந்தையும் பழையதையும் ஒரே உயரத்திலிருந்து சேர்த்துப் போடுங்கள்; செத்த பந்து உடனே தெரிந்துவிடும். கார் டிக்கியில் பந்துப் பெட்டியை வைத்து சித்திரை வெயிலில் நிறுத்தவே கூடாது. சூடேறிய பந்து கன்னாபின்னாவென்று எகிறும். விம்பிள்டனில் பந்துகளை 20 டிகிரி செல்சியஸில் பாதுகாக்கிறார்கள். நமக்கு அது முடியாவிட்டாலும் நிழலான, ஈரமில்லாத ஒரு அலமாரி போதும்.

மேட்சுக்குப் புதுப் பந்து, அது கொஞ்சம் தேய்ந்ததும் ராலி பயிற்சிக்கு, பிறகு பாஸ்கெட்டுக்கு, கடைசியில் சுவரில் அடித்துப் பழகுபவர்களுக்கு என்று வரிசை போடுங்கள். அதற்கு மேலும் மிஞ்சுவது தெருக் கிரிக்கெட்டுக்குப் போகட்டும். கிளப்பில் பல வருடமாக இருக்கும் மார்க்கர் அண்ணனைக் கேட்காமல் இந்த வரிசையை முடிவு செய்யாதீர்கள். எந்தக் கோர்ட் எந்த மாதத்தில் பந்தை எப்படித் தின்னும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. போட்டி நடத்துவதாக இருந்தால் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. அறிவித்த பந்தையே வாங்குங்கள்.

கமிட்டியிடம் பேசும்போது டப்பா விலையைப் பேசாதீர்கள், மணி நேரக் கணக்கைப் பேசுங்கள். 300 ரூபாய் டப்பா நான்கு மணி நேரமும் 450 ரூபாய் டப்பா ஒன்பது மணி நேரமும் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மலிவானது மணிக்கு 75 ரூபாய், விலை கூடியது 50 ரூபாய். உங்கள் கோர்ட்டுக்கான உண்மை எண் எது என்பதை ஒரு மாதம் நோட்டில் குறித்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். எந்த டப்பா, எந்தக் கோர்ட், திறந்த தேதி, எத்தனை மணி நேரம் ஓடியது என்ற நான்கு விவரம் போதும். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டையும், உங்கள் தரையில் தேய்ந்த ஒரு பந்தையும், புதிதாக ஒரு பந்தையும் எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். ஆர்டரை அதன் பிறகு போடுங்கள்.