தறி வீட்டுக்கும் கடைக்கும் நடுவில்

கண்ணு, காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்பருத்திக்குன்றத்துத் தறி வீடுகளுக்கும் சென்னைக் கடைகளுக்கும் நடுவில் ஓடுகிற வேலையை ஏற்றிருக்கிறாய். உட்கார ஒரு மேசை கிடையாது. ஒரு வண்டி, ஒரு போன், அவ்வளவுதான். நரைத்த தலை சொல்வதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்.

1. அதிகாலையில் தெருவில் பாவு நீட்டும்போது போய் நில். சும்மா நிற்காதே, ஒரு முனையைப் பிடி. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை அது. அறுந்த இழையை முடிந்துகொண்டே ஊர்க்கதை ஓடும். யாருக்குக் கண் மங்குகிறது, எந்தத் தறி சும்மா கிடக்கிறது, யார் வீட்டில் கல்யாணச் செலவு என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் "சரிங்க" என்றுதான் போடுவார்கள். கஷ்டத்தை எழுத மனிதருக்குக் கூச்சம்.

2. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கிற கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, இரண்டு ஆள். குழுவில் இருப்பது நெய்கிறவர் எண் மட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிற அம்மாவிடம் கரை மாற்றத்தைச் சொல்லாமல் விட்டு, ஒரு முழத்தை இழை இழையாகப் பிரித்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். அன்று அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இருவர் முகத்தையும் பார்த்துச் சொல்.

3. நிறத்தைப் போனில் முடிவு செய்யாதே. ஒரு திரையில் அரக்கு, இன்னொன்றில் குங்குமச் சிவப்பு. சாயமேற்றிய நூலைக் கையோடு கொண்டுபோய் வெயிலில் காட்டு. பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்கானது. பிசகினால் மூன்றும் பிசகும்.

4. நம்மூர்ச் சமணக் கோயிலான திரைலோக்கியநாதர் கோயிலுக்கு ஒருமுறை போ. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டிய சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து பார். தீர்த்தங்கரர் கதைகளை வரைந்தவர்கள், காட்சிக்குக் கீழே தமிழில் விளக்கமும் எழுதிவைத்தார்கள். பின்னால் வருகிறவன் தடுமாறக் கூடாதென்ற அக்கறை அது. நீயும் வெறும் படத்தை அனுப்பாதே. எந்தத் தறி, எந்த முந்தி, யார் சொன்னது, எந்தத் தேதி என்று அடியில் எழுது.

5. இரவில் "அவசரம்" என்று தட்டிவிடாதே. தறிக்காரர் தூங்கட்டும்.

6. குறையை நேரில் சொல், பாராட்டைக் குழுவில் போடு. போட்டதோடு விடாமல், அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லோரும் கேட்க வாசித்துக் காட்டு. அதன் பிறகு கூலிக் கணக்கை எடு.