சாண வாயு அடுப்பு பற்றவில்லையா?

குச்சி குச்சியாக உரசியும் அடுப்பு பற்றாவிட்டால், "தொட்டி பழுதாய்ப் போச்சு" என்று முடிவு கட்டிவிட்டு, கத்தியோடு விறகுக்குப் புறப்பட்டு விடுகிறோம். நான் போன ஒரு வீட்டில் மூன்று மாதமாக அடுப்பு எரியவில்லை. குழாய் தாழ்ந்திருந்த இடத்தைக் கழற்றியதும் ஒரு செம்புத் தண்ணீர் வடிந்தது. அன்று மாலை அந்த அடுப்பிலேயே தேநீர் வைத்துத் தந்தார்கள்.

முதலில் அறிய வேண்டியது வாயு உண்டாகிறதா என்பது. நிலத்துக்குள் கட்டிய குவிமாடத் தொட்டியென்றால், கரைசல் வெளியேறும் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே வாயு சேரச் சேர அது கரைசலை அழுத்தி அப்பக்கத்தால் மேலே தள்ளும். இரவு முழுவதும் வால்வைப் பூட்டி வைத்து, காலையில் மட்டம் உயர்ந்திருந்தால் வாயு இருக்கிறது. தடை குழாயிலோ அடுப்பிலோதான். உயராவிட்டால் வாயு உண்டாகவில்லை, அல்லது கசிகிறது.

வாயு ஈரத்தோடு வருவது. குளிர்ந்ததும் அந்த ஈரம் நீராகிக் குழாயின் பள்ளத்தில் தேங்கும். சுவாலை துள்ளித் துள்ளி அணைவது இதன் அடையாளம். நீரை வடித்துவிட்டு, குழாய் தொய்ந்த இடத்துக்கு முண்டு கொடுங்கள். அடுப்பின் வாயுத் துவாரத்தை மெல்லிய கம்பியால் துப்புரவாக்கலாம், ஆனால் பெரிதாக்கக் கூடாது. பற்றவைக்கும்போது காற்றுத் துவாரத்தை மூடி, பற்றிய பின் சுவாலை நீலமாகும்வரை சிறிது சிறிதாகத் திறவுங்கள். சுவாலை அடுப்பை விட்டு எழும்பிப் பறந்தால் காற்று கூடிவிட்டது.

எப்போதும் முதலில் குச்சி, பிறகே வால்வு. குசினியில் கூழ்முட்டை மணம் வந்தால் குச்சியைத் தொடவே வேண்டாம். கதவு யன்னலைத் திறந்துவிட்டு, பொருத்துகளில் சவர்க்கார நுரை தடவிக் கசிவைத் தேடுங்கள்.

புதிதாக நிரப்பிய தொட்டியின் முதல் வாயு எரியாது. அதில் கரியமிலவாயுவே கூட. காற்றும் கலந்திருப்பதால் வெடிக்கவும் கூடும். அதை நெருப்பில்லாத வெளியில் ஒன்றிரண்டு தடவை திறந்து விடுங்கள். தொட்டியின் குழாய் வாயில் நெருப்புக் காட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

வாயுவே உண்டாகாவிட்டால் மாட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பச்சைச் சாணம் ஏறக்குறைய 40 லீற்றர் வாயு தரும். ஐந்து பேர் சமையலுக்கு நாளொன்றுக்கு 1,000 லீற்றருக்கு மேல் வேண்டும். அதாவது 25 கிலோவுக்குக் குறையாத சாணம். பகலில் மேய்ந்து இரவில் மட்டும் பட்டிக்கு வரும் நாட்டு மாட்டிடம் ஐந்து கிலோ கிடைத்தால் பெரிது. இடப்பெயர்வில் பட்டியை இழந்து, இன்று இரண்டு மாட்டோடு இருப்பவருக்கு ஓரடுப்பு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எரியும். பழைய நாளைப் போல எரியவில்லையே என்று தொட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. சாணத்துக்குச் சம அளவு நீர் போதும். கொட்டில் கழுவிய சவர்க்கார நீரோ கிருமிநாசினியோ உள்ளே போகக் கூடாது. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களை அவை கொன்றுவிடும்.

ஆண்டுக்கணக்காகக் கைவிட்ட வளவுக்குத் திரும்பியவர்கள் பழைய தொட்டியைத் துப்புரவாக்க ஆசைப்படுவது இயல்பு. தயவுசெய்து உள்ளே இறங்காதீர்கள். கிணற்றுக்குள் விளக்கை இறக்கிக் காற்றைச் சோதிப்பது நமது வழக்கம். இங்கே அந்த விளக்கே தொட்டியை வெடிக்க வைக்கும். மணம் வரவில்லை என்பதையும் நம்ப முடியாது. அந்தக் கூழ்முட்டை வாயு செறிவாக இருந்தால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். மூடியைத் திறந்து பல நாள் விட்டு, வெளியே நின்றபடி நீளக் கயிற்று வாளியால் இறையுங்கள். பீடி, சுருட்டு கிட்டவும் வரக் கூடாது. உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் பின்னால் குதிக்க வேண்டாம். மகனைத் தூக்க இறங்கிய தகப்பனும் அங்கேயே விழுவார். ஊரைக் கூப்பிட்டு, உள்ளே காற்றடிக்க வழி பாருங்கள்.