ஆட்டோமேட்டிக் காரில் கியர் கேபிளைச் சரிசெய்தல்

நம் சங்க அன்பர்களில் பலர் இப்போது ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் மும்பையிலிருந்து பூனா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஊருக்கே ஓட்டிப் போகிறவர்களும் உண்டு. கிளட்ச் தொல்லை இல்லை என்ற சந்தோஷத்தில் ஒரு சிறு கேபிளை யாரும் நினைப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நாம் நகர்த்தும் லீவரையும் கியர்பாக்ஸையும் இணைப்பது இந்தக் கேபிள். லீவரை 'பி'யில் வைத்தால், அது கியர்பாக்ஸின் வெளியே உள்ள ஒரு சிறு கையை நகர்த்தும். உள்ளே ஒரு கொண்டி பல்சக்கரத்தில் விழுந்து காரைப் பூட்டும். கேபிள் அளவு பிசகினால் மேலே எழுத்து 'பி' என்று காட்டும், கீழே கொண்டி சரியாக விழுந்திராது. சரிவில் நிறுத்திய கார் தானே உருளும். பின்னால் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால்?

(ஏஎம்டி கார்களுக்கு இது பொருந்தாது. 2014-இல் செலேரியோவுடன் இங்கே வந்த அந்த வகையில் பெரும்பாலும் 'பி'யே கிடையாது. லீவரும் மின் சுவிட்சு மாதிரிதான்.)

முதலில் சோதனை. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். 'பி'யிலும் 'என்'னிலும் மட்டுமே எஞ்சின் கிளம்ப வேண்டும். 'என்'னில் கிளம்பி 'பி'யில் கிளம்பாவிட்டால் கேபிளைச் சந்தேகிக்கலாம்.

எங்கள் கட்டடத்தில் ஒருவரிடம் ஒரு பணிமனையில் கியர்பாக்ஸே போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிள் நுனியிலுள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து லொடலொடவென்று ஆடியது. கேபிள் நீண்டுவிட்டது என்பார்கள்; எஃகுக் கம்பி அவ்வளவு எளிதில் நீளாது. புஷ் தேயும், நட்டு தளரும், மழைக்காலத்தில் உறைக்குள் நீர் புகுந்து துரு ஏறும். துருவேறிய கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

இனி வேலை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு, பிரேக்கை மிதித்து லீவரை 'என்'னுக்குக் கொண்டுவந்து, சாவியை அணையுங்கள். பானெட்டுக்குள் பல கார்களில் பாட்டரி அல்லது ஏர் ஃபில்டருக்குக் கீழே அந்தச் சிறு கை இருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு, கையை 'பி' முனை வரை தள்ளுங்கள் (எந்த முனை என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்). அங்கிருந்து இரண்டு 'டக்' எண்ணித் திரும்புங்கள்: முதலாவது 'ஆர்', இரண்டாவது 'என்'. இப்போது மேலும் கீழும் ஒரே நிலை. கேபிளின் கண்ணி, இழுக்காமலும் தள்ளாமலும் கையின் முளையில் தானாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் சரிசெய்யும் நட்டைத் தளர்த்தி, ஒப்பவைத்து இறுக்குங்கள். சில கார்களில் நட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். அடியில் படுத்துத்தான் எட்ட வேண்டுமென்றால் ஜாக்கை நம்பிப் படுக்காதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிறகு சாவிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஆளில்லாத லேசான சரிவில் 'பி' போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை மெல்லத் தளர்த்துங்கள். கார் சற்றே அசைந்து நின்றுவிட வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் உடனே மிதியுங்கள். அளவு இன்னும் சரியில்லை.

மெக்கானிக்கிடம் போகிறவர்கள், "கியர்பாக்ஸ் கோல்னே ஸே பஹலே கேபிள் கா புஷ் தேக்கோ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.